எழுபத்து நாலில் கோபுரம் நேராக நின்றது

அந்தப் புகைப்படத்தில் ஒரு கோபுரமும், கோபுரத்தின் முன்னால் ஒரு மேசையும், மேசையருகே ஓர் ஆளும், அவன் கையில் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயினும், காலடியில் ஒரு நாயும் இருந்ததாக எனக்கு நினைவு. படம் கறுப்பு வெள்ளை. ஆகவே என் நினைவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். நடந்ததை எனக்குச் சொன்னவள் மிர்க்கா. அவள் சொன்னதில் நான் எதைச் சேர்த்தேன், எதை விட்டேன் என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அன்று வியாழக்கிழமை என்பது நிச்சயம். கொர்த்தெல்லா நகராட்சி வியாழக்கிழமைகளில்தான் கூட்டம் போடும். மற்ற நாட்களில் அறைச் சாவி பாதிரியாரிடம் இருக்கும்.

காலை பத்து மணி. மிர்க்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துப்பறியும் டிரெசோல்டி, கோட்டைக் கழற்றாமல், முழங்கால் மேல் மூடிய புத்தகத்தோடு. புத்தகத்தைப் படிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

மிர்க்காவுக்கு நாற்பத்தேழு வயது. டிரெசோல்டியிடம் உதவியாளராகச் சேருவதற்கு முன், போ என்ற நதியின் கழிமுகத்து ஊர்களில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவள். நேரத்தை நிமிடத்தில் அளக்க அவளுக்கு வராது, பஸ் நிறுத்தங்களில்தான் வரும். டிரெசோல்டியின் மௌனங்களில் மிகச் சிறியது மூன்று நிறுத்தம். ஒரு முறை கரையிலிருந்து கடைசி ஊர் வரை போய் டிப்போவுக்கே திரும்பிவிட்டது.

முன் மேசையில் கோபுரப் பாதுகாப்புக் குழுவின் தலைவர், இன்ஜினியர் பெலூக்கோ. எழுபத்து நாலு வயது. நாற்காலியின் முன்கால்கள் தரையில் பட்டால் தோஷம் என்பதுபோல, பின்னங்கால்கள் இரண்டில் மட்டும் சாய்ந்து, ஒரு பாதத்தை மேசைக்காலில் கொக்கி போல மாட்டி உட்கார்ந்திருந்தார். அறையில் இருந்த முப்பது பேரும் அவர் எப்போது விழுவார் என்று பத்து வருடமாகக் காத்திருந்தார்கள்.

"மணிக்கோபுரம் இப்போ ரெண்டு புள்ளி ஒன்பது டிகிரி சாய்ஞ்சிருக்கு," என்றார் பெலூக்கோ. "எழுபத்து நாலுல நேரா இருந்துச்சு. ரெண்டாயிரத்து மூணுல சின்யோரா இவானா கோபுரத்து அடியில பாதாள அறை தோண்டி அடுப்பு வெச்சாங்க. நான் இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

இரண்டாவது வரிசையில் இருந்து இவானா எழுந்தாள். கோபுரத்தை ஒட்டி ரொட்டிக்கடை வைத்திருப்பவள். நாலு கொம்பு வைத்த முறுக்கு ரொட்டிக்கு அந்தக் கழிமுகம் முழுக்க அவளிடம்தான் வருவார்கள். முழங்கை வரை மாவு.

"என் அடுப்பு தள்ளிச்சா, இன்ஜினியரே? எண்ணூறு வருஷத்துக் கோபுரத்த? நான் அதுல ரொட்டிதான் சுடறேன். பீரங்கியா சுடறேன்?"

"உணர்ச்சிவசப்படாதீங்க சின்யோரா. படம் இருக்கு."

அவர் பெரிய புத்தகம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ருஜேரோ மல்வேஸ்தியோ எடுத்த படங்கள். ஸ்பெயினின் மேற்குக் கோடியிலிருந்து பால்டிக் தீவுகள் வரை, நாற்பது வருடம், ஆயிரத்து நூறு பழங்காலத் தேவாலயங்கள். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் கொர்த்தெல்லாவின் கோபுரம், பக்கத்தின் ஓரத்துக்கு இணையாக, ராணுவ வீரனைப்போல நின்றது.

வேறு சாட்சியம் இல்லை. நகராட்சியின் பழைய பதிவேடுகளை ஐம்பத்தொன்றில் வந்த வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஊரிலிருந்த முதியவர்களில் பாதிப் பேர் கோபுரம் எப்போதும் சாய்ந்துதான் இருந்தது என்றார்கள். மீதிப் பேர் அந்தப் பாதிப் பேரை நம்ப வேண்டாம் என்றார்கள். கல்யாணப் படங்களையும் குழு வாங்கிப் பார்த்தது. படத்துக்குப் படம் கோபுரம் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது. எடுத்தவர்கள் எல்லோரும் விருந்துக்குப் பிறகு எடுத்தவர்கள்.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு உத்தரவுல கையெழுத்து," என்றார் பெலூக்கோ. "திங்கட்கிழமை பாதாள அறையை சிமென்ட் ஊத்தி மூடிடுவாங்க."

இவானா திரும்பி டிரெசோல்டியைப் பார்த்தாள். அவரை அமர்த்தியவள் அவள்தான். அவர் தலையை அசைத்தார். அது ஆமா என்பதா, இல்லை என்பதா, கழுத்து வலியா என்பது யாருக்கும் தெரியவில்லை.

*

பாண்டா காரில் ஏறிய பிறகும் டிரெசோல்டி பேசவில்லை. நாலு நிறுத்தம் போயிற்று. கால்வாய்க் கரையில் ஒரு கொக்கு மட்டும் அவர்களைப் பார்த்தது.

"முதலாளி, உயிரோட இருக்கீங்களா?" என்றாள் மிர்க்கா. "இல்லன்னா சொல்லிடுங்க, வண்டிய ஆஸ்பத்திரிப் பக்கம் விடறேன்."

"ஒரு படம் சாய்ஞ்சிருந்தா அதை எப்படி நிமிர்த்தறது?"

"ஆணிய சரியா அடிக்கணும்."

"பிரதி போடும்போது திருப்பி வெச்சு, நாலு ஓரத்தையும் கத்தரிச்சா நேரா ஆயிடும். புத்தகத்துல இருக்கறது கத்தரிச்ச படமா இருக்கலாம். நெகட்டிவைப் பார்க்கணும்."

"திருப்பினா கோபுரத்துக்குக் கீழ இருக்கற தரை சாய்ஞ்சு காட்டிக் கொடுத்துடாதா?"

"அந்தச் சதுக்கம் மழைத்தண்ணி ஓடறதுக்காகக் கால்வாய்ப் பக்கம் சரிவா போட்டது. எவ்வளவு சரிவுன்னு யாருக்கும் தெரியாது. மேசை நாற்காலியும் அதுமேலதான் நிக்குது."

"அக்கம்பக்கத்து வீடு?"

"படத்துல ஒண்ணும் இல்ல. இருந்தாலும் அந்த ஊர்ல நேரா நிக்கற கட்டடம் தபால் ஆபீஸ் ஒண்ணுதான்."

"அதை எவனும் படம் எடுக்க மாட்டான்," என்றாள் மிர்க்கா.

டிரெசோல்டி மறுபடி வாயை மூடிக்கொண்டார். ஆத்ரியா வரும்வரை திறக்கவில்லை.

*

மல்வேஸ்தியோ இறந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அவர் எடுத்த எல்லாமும் ஆத்ரியாவில் மகள் ஃபுல்வியாவின் வீட்டில் இருந்தன. ஃபுல்வியா ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியை, அறுபத்தைந்து வயது. கதவைத் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை:

"குனிஞ்சு வாங்க. ஸ்பெயின் தலைமேல விழும்."

தாழ்வாரத்தின் இரு பக்கமும் கூரை வரை மரப்பெட்டிகள், அவற்றின் மேல் தேவாலய ஊர்களின் பெயர்கள். சாந்தியாகோ. வெஸலே. டர்ஹம். ஸ்பயர். ஒவ்வொன்றிலும் கண்ணாடி நெகட்டிவ்கள், காகிதம் சுற்றி, செங்குத்தாக. குளியலறைக் கதவில் 'நார்வே' என்று எழுதியிருந்தது.

"எங்க வீட்டுல விடுமுறைன்னா ஏதாவது ஒரு தேவாலயத்து வாசல்தான்," என்றாள் ஃபுல்வியா. "கடல் பார்த்ததே இல்ல. மேகம் நகரட்டும்னு காத்திருப்போம். மேகம் நகர்ந்தா, ஆள் நகரட்டும்னு காத்திருப்போம். ஆளும் நகர்ந்தா ஒரு புறா வந்து உக்காரும். அப்பாவுக்குப் புறாவும் ஆகாது."

"ஆனா கொர்த்தெல்லா படத்துல ஒரு ஆள் இருக்காரே," என்றார் டிரெசோல்டி.

"அது அளவுக்கு. பக்கத்துல ஆள் இல்லாட்டி கோபுரம் எவ்வளவு உயரம்னு தெரியாது. உதவியாளனை உக்கார வெச்சிருப்பார். வருஷத்துக்கு ஒரு படம் அப்படி எடுப்பார். நாய் தானா வந்திருக்கும்."

அவள் கொர்த்தெல்லாவின் கண்ணாடியை எடுத்து விளக்குப் பெட்டியின் மேல் வைத்தாள். மிர்க்கா குனிந்தாள். நாலு ஓரமும் முழுசாக இருந்தன. கத்தரிக்க முடியாத கண்ணாடி. டிரெசோல்டி ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கோபுரத்தின் விளிம்பு கண்ணாடியின் ஓரத்துக்கு மயிரிழை பிசகாத இணை.

"நேரா இருக்கு," என்றார்.

"அப்பா படம் வேற எப்படி இருக்கும்?" என்றாள் ஃபுல்வியா. "செங்குத்துக்கோடு செங்குத்தா இருக்கணும். அது அவருக்கு வேதம். ரசமட்டம் வெச்சுப் பார்க்காம ஒரு படம் எடுத்ததில்ல. ஒருத்தர் அவர் படத்தைச் சாய்ஞ்சிருக்குன்னு சொல்லிட்டார்னு பதினாலு வருஷம் பேசல. அவர் என் பெரியப்பா."

மிர்க்கா டிரெசோல்டியைப் பார்த்தாள். அவர் முகத்தில் எதுவும் இல்லை. வழக்கமாகவே இருக்காது என்பதால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் திங்கட்கிழமை வரப்போகும் சிமென்ட் லாரி அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

மணி பதினொன்று அடித்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் பதினொரு மணிக்கு வீட்டில் இருக்கும் விருந்தாளிக்கு ஒரு சின்ன கிளாஸ் ஒயின் கொடுக்காவிட்டால், சண்டை போட்டு அனுப்பியதாக அர்த்தம். ஃபுல்வியா மூன்று கிளாஸும் ஒரு தட்டு ஆலிவ் காய்களும் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தாள். ஒரு ஆலிவ் தட்டிலிருந்து விழுந்து மேசை நெடுக உருண்டது. மறுகோடியில் மிர்க்கா அதைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"மேசை சாய்ஞ்சிருக்கு, சின்யோரா."

"வீடே சாய்ஞ்சிருக்கு. ஸ்பெயின் கனம்."

டிரெசோல்டி ஒயினைக் குடிக்கவில்லை. கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபுல்வியா ஏதோ கேட்டாள், பதில் இல்லை. மிர்க்கா தன் கிளாஸை முடித்தாள். பிறகு, வீணாகக் கூடாதே என்று, ஆலிவ்களையும் முடித்தாள். ஒன்பது நிறுத்தம் ஆயிற்று.

"இவருக்கு உடம்புக்கு ஏதாவது...?" என்று ஃபுல்வியா ரகசியமாகக் கேட்டாள்.

"இல்ல. இது யோசனை. பார்த்தா பக்கவாதம் மாதிரி இருக்கும்."

"சின்யோரா," என்றார் டிரெசோல்டி. "அந்தப் படத்தோட கீழ்ப்பகுதியை மட்டும் பெரிசா பார்க்க முடியுமா? அந்த ஆளோட கை."

ஃபுல்வியாவின் கணினியில் எல்லாக் கண்ணாடிகளின் நகல்களும் ஏற்றப்பட்டிருந்தன. அவள் பெரிதாக்கினாள். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்ட ஓர் இளைஞன். இன்னும் பெரிதாக்கினாள். ஒரு கை. இன்னும். கையில் கிளாஸ். பாதி ஒயின்.

ஒயினின் மேல்மட்டம் சரிந்திருந்தது.

மூன்று தலைகளும் திரையருகே போயின.

"கிளாஸைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கான்," என்றாள் ஃபுல்வியா.

மிர்க்கா டிரெசோல்டியின் தொடாத கிளாஸை எடுத்து அப்படியும் இப்படியும் சாய்த்தாள். கிளாஸ் சாய்ந்தது. ஒயின் தரைக்குச் சமமாகவே நின்றது.

"கிளாஸ் எப்படிச் சாய்ஞ்சாலும் ஒயின் சாயாது, சின்யோரா. குடிக்கறவன்தான் சாய்வான்."

"ஆடியிருக்கலாமே?"

"ரெண்டு வினாடி திறந்து வெச்சு எடுத்த படம்னு புத்தகத்துல போட்டிருக்கு," என்றார் டிரெசோல்டி. "நாய் வால ஆட்டியிருக்கு, பாருங்க, ரெண்டு வால் தெரியுது. ஒயின் ஆடியிருந்தா விளிம்பு மங்கியிருக்கும். கத்தி மாதிரி இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "உலகத்துல ரசமட்டம் உடையும். ஒயின் உடையாது. இந்தப் படத்துல ஒயின் சரிஞ்சிருக்குன்னா, கேமரா சரிஞ்சிருக்கு. கேமரா சரிஞ்சு, கோபுரம் நேரா தெரிஞ்சா..."

"கோபுரம் சரிஞ்சிருக்கு," என்றாள் மிர்க்கா.

ஃபுல்வியா எழுந்துபோய்ப் பள்ளிக்கூட ஜியாமெட்ரி பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். பாகைமானியைத் திரையின் மேல் வைத்து அவளே படித்தாள்.

"மூணு டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி."

மிர்க்கா பையிலிருந்து குழுவின் அறிக்கையை எடுத்தாள். "ரெண்டு புள்ளி ஒன்பது. இன்னிக்கும் அதேதான். அப்போ அம்பது வருஷமா கோபுரம்..."

"ஒரு நூல்கூட அசையல," என்றார் டிரெசோல்டி.

ஃபுல்வியா உட்கார்ந்துவிட்டாள். "நீங்க ரொட்டிக்கடைக்காகப் பேசறீங்க. புரியுது. ஆனா வெளியில என்ன சொல்வாங்க? மல்வேஸ்தியோ ஏமாத்தினார்னு சொல்வாங்க. ஆயிரத்து நூறு கட்டடம். இதுல ஒண்ணு பொய்னா மத்ததையும் யாரு நம்புவா? எங்கப்பா கேமராவைச் சாய்ச்சு வெக்கிற ஆள் இல்ல."

"நானும் அதைத்தான் நினைக்கறேன்," என்றார் டிரெசோல்டி. "அவர் குறிப்பேடு வெச்சிருந்தாரா?"

வைத்திருந்தார். ஐம்பத்திரண்டு குறிப்பேடுகள். எழுபத்து நாலாம் வருடத்து மே மாதத்தில் ஃபுல்வியா விரலை வைத்துப் படித்தாள்.

"'கொர்த்தெல்லா. காலை ஒன்பது நாற்பது. மேகம் இல்லை. இரண்டு வினாடி. ரசமட்டம் சரி, பையன் பார்த்தான்.'"

"அடுத்தது?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள். "'வெரோனா. புதிய ரசமட்டம் வாங்கினேன். பழையதன் குழல் உடைந்திருக்கிறது. எப்போது என்று பையனுக்குத் தெரியாதாம்.'"

"பையனுக்குப் பேர் இல்லையா?" என்றாள் மிர்க்கா.

"வருஷத்துக்கு ஒருத்தன் வருவான். எல்லாரையும் 'பையன்'னுதான் எழுதுவார். ஒரு தடவை அம்மாவையே அப்படி எழுதியிருக்கார்."

டிரெசோல்டி கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டார். "நாளைக்குக் குழு முன்னால போய், ஒரு கிளாஸ் ஒயின்தான் எங்க சாட்சின்னு சொன்னா சிரிப்பாங்க. அந்தப் பையன் வந்து சொன்னா சிரிக்க மாட்டாங்க. உங்கப்பா பேரும் தப்பிக்கும். ஆனா அம்பது வருஷத்துக்கு முந்தின ஆள், தொப்பி வேற முகத்தை மறைக்குது. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள எங்க தேடறது?"

மிர்க்கா திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. முகத்தை அவள் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடம் பஸ் கண்ணாடியில் ஆட்களைப் பார்த்தவளுக்கு முகம் முக்கியமில்லை. யார் எப்படி உட்காருகிறார் என்பதுதான் தெரியும்.

"முதலாளி. நாய் நிக்கற இடத்துலயே நின்னும் ரெண்டு வால். இந்த ஆள் ரெண்டு வினாடியும் சிலை மாதிரி இருக்கான். ஒரு மங்கல் இல்ல."

"ஆமா."

"நாற்காலியைப் பாருங்க."

நாற்காலியின் முன்கால்கள் தரையில் இல்லை. பின்னங்கால்கள் இரண்டில் சாய்ந்து, ஒரு பாதத்தை மேசைக்காலில் கொக்கி போல மாட்டி, அந்த இளைஞன் கயிற்றின்மேல் தூங்குகிறவனைப்போல நிம்மதியாக இருந்தான்.

"ரெண்டு கால் நாற்காலில ரெண்டு வினாடி அசையாம உக்காரணும்னா, அதுக்குப் பொறக்கும்போதே பழகியிருக்கணும்," என்றாள் மிர்க்கா. "இவரை நான் இன்னிக்குக் காலையில பத்து மணிக்குப் பார்த்தேன். எப்போ விழுவார்னு நானும் காத்துக்கிட்டிருந்தேன்."

டிரெசோல்டி திரும்பி அவளைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் அது பாராட்டு.

*

வெள்ளிக்கிழமை மாலை நாலே கால். சதுக்கத்துக் கடையின் வெளி மேசையில் பெலூக்கோ தனியாக உட்கார்ந்திருந்தார், இரண்டு கால்களில். மேசைமேல் உத்தரவும் பேனாவும். கோபுரத்தின் நிழல் அவர் தோள்வரை வந்திருந்தது. ரொட்டிக்கடை வாசலில் இவானா கை கட்டி நின்று அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரெசோல்டி எதிரே உட்கார்ந்தார். ஒரு கிளாஸ் ஒயின் சொன்னார். வந்தது. தொடவில்லை. மிர்க்கா ஒரு பெரிய பிரதியை மேசைமேல் விரித்தாள். கை, கிளாஸ், தொப்பி, நாற்காலி.

பெலூக்கோ பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். டிரெசோல்டிக்கு நிகராக மௌனம் காக்கக்கூடிய ஒருவரை மிர்க்கா அன்றுதான் முதலில் கண்டாள். ஆறு நிறுத்தம்வரை இருவரும் சமமாக வந்தார்கள்.

"ரெண்டு வினாடி அசையக்கூடாதுன்னார்," என்றார் பெலூக்கோ. "அசையல. நல்லா உக்கார்ந்தேன்னு சொன்னார். அந்த வருஷம் முழுக்க அவர் பாராட்டினது அது ஒண்ணுதான்."

"ரசமட்டம் எப்போ உடைஞ்சுது, இன்ஜினியரே?"

"அதுக்கு முந்தின நாள். ஃபெராரால, தேவாலயத்துப் படிக்கட்டுல." அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லியிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். எனக்கு இருபத்து நாலு வயசு. எங்க ஊர் கியோஜ்ஜால மீன்கூடையையும் கடலையும் தவிர எதையும் பார்த்ததில்ல. அடுத்து வெரோனா. அப்புறம் மலையத் தாண்டி ஸ்பயர், வெஸலே, அங்கேருந்து சாந்தியாகோ. பட்டியலை மனப்பாடமா வெச்சிருந்தேன். வாயைத் திறந்தா பட்டியல் போயிடும்."

"அதனால மட்டம் சரின்னு சொல்லிட்டீங்க."

"சரி பண்ணிட்டுத்தான் சொன்னேன்."

"எதை வெச்சு?" என்றார் டிரெசோல்டி. "ரசமட்டம் இல்ல. எதைப் பார்த்துக் கேமராவை நிமிர்த்தினீங்க?"

பெலூக்கோ வாயைத் திறந்தார். மெதுவாகத் தலையைத் தூக்கினார். டிரெசோல்டி தூக்கவில்லை. மிர்க்கா தூக்கினாள். மேலே பார்ப்பதற்கு அங்கே ஒன்றுதான் இருந்தது.

"கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டா எல்லாம் தலைகீழா தெரியும்," என்றார் அவர். "கண்ணாடியில கோபுரம் சாய்ஞ்சு தெரிஞ்சுது. எண்ணூறு வருஷமா நிக்கற கல்லு. அது எப்படிச் சாயும்? நான் வெச்ச கேமராதான் சாய்ஞ்சிருக்குன்னு நினைச்சேன். திருத்தினேன். அவரும் துணிக்குள்ள வந்து பார்த்தார். நேரா இருந்துச்சு. தோளைத் தட்டினார்."

"கோபுரத்தை வெச்சே கோபுரத்தை அளந்திருக்கீங்க," என்றாள் மிர்க்கா.

"வேற எது நேரா இருக்குன்னு நினைச்சீங்க?"

தபால் ஆபீஸ் என்று சொல்லலாமா என்று மிர்க்கா யோசித்து, விட்டுவிட்டாள்.

"ரிட்டயர் ஆகித்தான் இந்த ஊருக்கு வந்தேன். பத்து வருஷம் ஆச்சு. வந்த அன்னிக்கே பார்த்தேன், கோபுரம் சாய்ஞ்சிருக்கு. ஆனா எனக்குத் தெரியும், எழுபத்து நாலுல நேரா இருந்துச்சு. நான் அங்க உக்காந்திருந்தேனே. படமே இருக்கே. நடுவுல யாரோ தோண்டியிருக்கணும்னு தோணிச்சு. தோண்டினது யாருன்னு பார்த்தேன்."

"ரசமட்டம் உடைஞ்சது?"

"அது நினைவுல இல்ல. இப்போ இதைப் பார்க்கறவரைக்கும்."

அது உண்மையா பொய்யா என்று மிர்க்காவால் சொல்ல முடியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் அவளுக்குச் சந்தேகம்தான். டிரெசோல்டி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தன் கிளாஸை மேசை நடுவே நகர்த்தினார்.

பெலூக்கோ அதை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். எடுத்த வேகத்தில் ஒயின் ஆடியது. அது அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒயினின் மட்டத்தையும் அதற்குப் பின்னால் ஏறிப்போகும் கோபுரத்தின் விளிம்பையும் ஒன்றாகப் பார்த்தார். ஒரு இன்ஜினியர் வாழ்நாளில் ஆயிரம் முறை பார்த்திருக்கக்கூடிய கோணம்.

நாற்காலியின் முன்கால்கள் இரண்டும் தரையில் இறங்கின. கல்லில் 'டக்' என்று ஒரு சத்தம். கடைக்காரர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். நடந்ததில் இந்த ஒரு சத்தத்தைப் பற்றி மட்டும் தனக்குத் துளி சந்தேகமில்லை என்று மிர்க்கா என்னிடம் சொன்னாள்.

பெலூக்கோ பேனாவை எடுத்தார். வாசலில் நின்ற இவானா ஓரடி முன்னால் வந்தாள். அவர் உத்தரவின் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதன் கீழே எழுதினார்: 'படம் எடுத்தபோது கேமராவைப் பொருத்தியவன் நான். ரசமட்டம் உடைந்திருந்தது. அதை உடைத்தவனும் நான். மல்வேஸ்தியோவுக்குத் தெரியாது.' கையெழுத்துப் போட்டார். நேரம் எழுத மறந்து, மறுபடி எடுத்து எழுதினார். நாலு நாற்பது.

"சாந்தியாகோ எப்படி இருந்துச்சு?" என்று மிர்க்கா கேட்டாள்.

"மழை," என்றார் பெலூக்கோ. "பதினோரு நாள் காத்திருந்தோம். மேகம் நகரவே இல்ல."

*

இவானாவின் அடுப்பு இன்னும் அதே பாதாள அறையில்தான் எரிகிறது. அவள் நாலு கொம்பு ரொட்டி சுடுகிறாள்.

பெலூக்கோ குழுவிலிருந்து விலகினார். தினமும் காலை ஏழு மணிக்கு இவானாவின் கடைக்குப் போய் ரொட்டி வாங்குகிறார். அவள் கொடுக்கிறாள். பேசிக்கொள்வதில்லை.

புத்தகத்தின் மறுபதிப்பில் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்துப் படத்தின் கீழே ஃபுல்வியா ஒரு வரி சேர்த்தாள்: 'இதில் நேராக இருப்பது ஒயின் மட்டும்.' பெரியப்பா மகனுக்கு ஒரு பிரதி அனுப்பினாள். பதில் வந்தது.

டிரெசோல்டி அதற்குப் பிறகு இரண்டு வழக்குகள் எடுத்தார், ஒன்றைக் கண்டுபிடித்தார். மிர்க்கா இன்னும் அவரிடம்தான் வேலை செய்கிறாள், பாண்டாவும் ஓடுகிறது.

நாயைப் பற்றித் தகவல் இல்லை.

கோபுரம் அங்கேயேதான் நிற்கிறது, மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக.